போட்டோக்களை அழிப்பதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் இடமில்லை, எல்லாம் கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டது, அதனால் போனில் இருப்பதை அழிக்கப்போகிறேன் என்று சொன்னாயே, கொஞ்சம் பொறு. அந்த ஆப்புக்குள் போய் ஒரு படத்தை அழித்தால் மேலே ஏறியிருப்பதும் சேர்ந்தே போகும். 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குள் பார்த்து மீட்காவிட்டால் போனது போனதுதான். போனில் மட்டும் இடம் காலி செய்ய அதிலேயே தனி வசதி இருக்கிறது, மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்.

கூகுளில் இருப்பது ஒரு காப்பி, அவ்வளவுதான். மூன்று காப்பி வேண்டும், இரண்டு வேறு வேறு வகைச் சாதனத்தில், அதில் ஒன்றாவது வேறு ஊரில். இது என் பிடிவாதம் இல்லை, இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வதுதான். 2023 டிசம்பரில் தாமிரபரணி பொங்கியபோது ஏரல் அத்தை வீட்டில் பீரோவின் அடித்தட்டு வரை தண்ணீர், கல்யாண ஆல்பம், அதன் சிடி, பிள்ளைகள் படம் எல்லாம் அந்த ஒரே தட்டில். ஈரத்தோடு மூடி வைத்ததில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரித்தால் முகம் மட்டும் உரிந்து அடுத்த படத்தில் போய் நின்றது. காய்வதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் போட்டு மெல்லப் பிரித்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும்.

நம் வீட்டுப் பழைய படங்களை நானே ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன், 600 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி. பின்பக்கத்தையும் சேர்த்துத்தான், ஏனென்றால் ஆச்சி பென்சிலால் ‘பெரியவன் மொட்டை, திருச்செந்தூர்’ என்று எழுதியிருப்பது அங்கேதான். ஃபைலின் பெயரில் வருஷம் முதலில், பிறகு மாதம், பிறகு ஊர், ஆள்: அப்படி வைத்தால் கம்ப்யூட்டரே வரிசையாக அடுக்கிவிடும். குட் மார்னிங் ரோஜாப்பூக்களை மட்டும் ஈவு இரக்கமில்லாமல் அழித்தேன், உன் பெரியப்பா அனுப்பியதே ஒரு மூட்டை!

அப்புறம், குட்டிப்பயல் பிறந்தநாள் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதே. சுருங்கி வருகிறது, எடுத்த தேதியும் காணாமல் போகிறது. டாக்குமென்டாக அனுப்பு.

இன்னொன்று. இரண்டு வருஷம் யாரும் நுழையாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம், அது அவர்கள் விதி. நான் ஆறு மாதம் நுழையாவிட்டால் உனக்கு மெயில் வரும்படி என் கணக்கில் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, அபசகுனம் என்பாள். நீ மட்டும் அதை ஸ்பாம் என்று தள்ளிவிடாதே.

அடுத்த மாதம் சித்தி அங்கே வரும்போது ஒரு ஹார்ட் டிஸ்க் கொடுத்து விடுகிறேன். உன் போனில் இருப்பதை அதில் ஏற்றி, நாலைந்து படமாவது திறந்து பார்த்துவிட்டு, பிறகு அழி.

அன்புடன்,
அப்பா