அக்கா, கல்யாணத்துக்கு நான் வரவில்லை

அக்கா,

அத்தானிடம் சொல்லிவிட்டேன். "உன் அக்காவிடம் நீயே சொல்லிக்கொள்" என்று அவர் போனை வைத்துவிட்டார். நீயோ என் அழைப்பை எடுப்பதாக இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை நம் சித்தப்பா வீட்டுப் பெண்கள் படிப்பார்கள், சம்பந்தி வீட்டாரும் படிக்கக்கூடும். சிலவற்றைத் தொடாமல் போகிறேன் என்றால் காரணம் அதுதான். எவை என்று உனக்குத் தெரியும்.

டிக்கெட் விலை காரணமில்லை. விசாவும் காரணமில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும், "பாவம், மாட்டிக்கொண்டாள்" என்று பேசி முடித்திருப்பார்கள். ஆவணி முகூர்த்தமும், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எனக்கு வகுப்பு தொடங்கும் வாரமும் ஒன்றாக வந்துவிட்டன. முதல் வகுப்புகளுக்கு வராதவரை நீக்கிவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் நிற்பவருக்கு இடத்தைக் கொடுத்துவிடுவது அங்கே சில பாடங்களில் உண்டு. நடுவில், மூன்றாம் ஆண்டில் போய்ச் சேர்கிற என்னைப் போன்றவர்களுக்குக் கிடைப்பதே இரண்டு ஆண்டு. கல்யாணப் பெண் பாப்பாவிடம் தனியாகப் பேசிவிட்டேன். அவள் அழவில்லை. "சித்தி, நீ போய் உட்கார்" என்றாள். நீ அழுவாய் என்றும் சொன்னாள்.

தேதி குறிப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, அது உன் கையில் இருந்திருக்காது.

"ஒரு வருடம் தள்ளிப்போட்டால் என்ன குடி முழுகிப் போய்விடும்?" என்று கேட்டாயே, அதற்குத்தான் என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. 2002-இல் என் படிப்பைப் பாதியில் நிறுத்திக் கல்லூரியில் டி.சி. வாங்கப் போன நாளை நினைத்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். நானோ அட்டை கிழிந்த நுண்கணிதப் புத்தகம் ஒன்றைத் தொலைத்திருந்தேன். நீ நூலகரிடம் பேரம் பேசினாய். அபராதம் கட்ட, சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக நீவிக் கொடுத்தாய். அலுவலகத்தில் விலகும் காரணம் என்ன என்று எழுத்தர் கேட்டபோது என் பக்கம் திரும்பாமலே "குடும்பச் சூழ்நிலை என்று போடுங்கள்" என்றாய். எனக்குக் கல்யாணம் என்று சொல்ல உனக்கு ஏன் வாய் வரவில்லை என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. நடத்தை என்ற இடத்தில் "நன்று" என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் சத்திரம் பேருந்து நிலையத்தில் எனக்கு மட்டும் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்து, "படிப்பு எங்கே ஓடிப்போகிறது? அடுத்த வருடம் அங்கே போய்த் தொடர்ந்துகொள்" என்றாய். மாப்பிள்ளை வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அடுத்த வருடம் என்ன நடந்தது என்பதை இவ்விடத்தில் எழுதப்போவதில்லை. இவர் நல்லவர், இதைப் படிப்பார்.

உன்மேல் பழி போடுகிறேன் என்று எண்ணாதே. அம்மா போனபிறகு உன்னை யார் படிக்கவிட்டார்கள்? உன் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பீரோவில் பார்த்திருக்கிறேன். கணக்கில் எவ்வளவு என்பது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும். ஆனால் அதைப் பார்த்தபிறகுதான் எனக்குக் கோபமே அதிகமாயிற்று. தெரிந்தவள் நீ. தெரிந்தும் என்னைக் கூட்டிப் போனாய்.

நான் "ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ்" படிப்பதாக நீ ஊரில் சொல்வது காதுக்கு வந்தது. குபர்டினோவில் டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜில் கணிதம் படித்தேன். பள்ளி முடித்த யாரும் சேரலாம், கட்டணமும் குறைவு என்பதால் நம்மவர்கள் அந்தப் பெயரைச் சொல்லவே கூச்சப்படுவார்கள். பிள்ளையை அங்கே சேர்த்திருக்கும் பெற்றோர் கோவிலில் பார்த்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அது இந்த மாநிலம் 1960-லேயே போட்டுவைத்த வழி: பள்ளி மாணவர்களில் படிப்பில் முன்னிற்கும் எட்டில் ஒரு பங்கினர் நேரே கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போகலாம், மற்றவர்கள் கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் அங்கே மாறிக்கொள்ளலாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் ஆறு, நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் நிச்சயம் என்று எழுதியே கொடுக்கின்றன. அவற்றில் ஒன்றான டேவிஸில் அப்படி ஓர் உத்தரவாதம் வாங்கிவைத்திருந்தேன். பெர்க்லி அந்த உத்தரவாதம் கொடுப்பதில்லை. நவம்பரில் விண்ணப்பித்துவிட்டு ஏப்ரல்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

விண்ணப்பத்தில் முன்பு படித்த கல்லூரி எதையும் மறைக்கக் கூடாது, பாதியில் விட்டதையும்தான். அதற்காகத்தான் உன்னை அந்த அலுவலகத்துக்கு அலைய வைத்தேன். முழங்கால் வலியோடு பஸ் ஏறிப் போனாய். இந்த ஜன்னல், அந்த ஜன்னல் என்று விரட்டினார்கள். "நின்றுபோனவருக்கு இப்போது எதற்கம்மா மார்க் ஷீட்?" என்று அங்கே ஒருவர் கேட்டதற்கு, "என் தங்கை அமெரிக்காவில் கணக்குப் படிக்கிறாள், கொடுங்கள்" என்று சத்தமாகச் சொன்னாயாம். கூட வந்த பாப்பா சொன்னாள். என்னிடம் மட்டும் "இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை?" என்றுதானே கேட்டாய்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் சில கேள்விகளுக்கு 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். படிப்புக்கு வந்த தடையை எப்படித் தாண்டினீர்கள் என்பது அவற்றில் ஒன்று. முதலில் எழுதியதில் தடையே நீதான். ஆத்திரம் தீர எழுதினேன், நன்றாகவும் வந்திருந்தது. மறுநாள் அதையே திருத்தப்போய், வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு விளக்கைத் தணித்து எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அக்காவாக நீ வந்து உட்கார்ந்துகொண்டாய். இரண்டும் உண்மை. இரண்டையும் 350 சொற்களில் அடக்க எனக்குத் தெரியவில்லை. உன்னை மொத்தமாக எடுத்துவிட்டு, பிள்ளை வளர்த்துக்கொண்டே படித்த கதையை எழுதி அனுப்பினேன். அது சுமாரான கட்டுரை.

சபையில் சித்தி இல்லையே என்று நாலு பேர் கேட்பார்கள், உனக்குத் தலைகுனிவு. அதற்கு மன்னித்துக்கொள். வகுப்புக்குப் போவதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நமக்கு உடன்பிறந்தான் இல்லாததால் தாய்மாமன் சீரை நானும் இவரும் செய்வதாகப் பேச்சு. இவரும் பையனும் முன்னதாகவே வந்துவிடுவார்கள், சீர்த் தட்டுக்கு வேண்டியதெல்லாம் இவர் பெட்டியில் இருக்கும். பாப்பாவின் கூறைப்புடவைக்கு நான் கொடுப்பதாகச் சொன்ன பணத்தை அத்தான் கணக்கில் போட்டாயிற்று. திருப்பி அனுப்பி வம்பு செய்யாதே. காலை முகூர்த்தம் எனக்கு முந்தைய நாள் மாலை. பையன் போனில் காட்டுவான்.

சம்பந்தியம்மா என்னைக் கேட்டால் உடம்புக்கு முடியவில்லை, விசா கிடைக்கவில்லை என்றெல்லாம் சொல்லிவைக்காதே. அந்த ஜன்னலில் சொன்னதையே அவரிடமும் சொல்.

உன் தங்கை