'தி ஸ்டார்லெஸ் சீ': ஞாயிறு பேசுவதற்கு முன்

நண்பர்களே, எரின் மார்கன்ஸ்டர்ன் 2019-இல் எழுதிய இந்த நாவலால் நம் வாசிப்புக் குழு இரண்டு கட்சியாகிவிட்டது. நடை அபாரம் என்கிறார்கள் சிலர். கதை நகரவே இல்லை என்று பாதியில் மூடி வைத்தவர்களும் உண்டு. இடையிடையே வரும் குட்டிக் கதைகள்தான் பலருக்கும் சிக்கல். எனக்கு அவைதான் உயிர். தேனீ, சாவி, வாளோடு சுவரில் தீட்டிய கதவைச் சிறுவயதில் கதாநாயகன் சாக்கரி திறக்காமலே போய்விடுகிறான். வளர்ந்தபின் அதே காட்சியை நூலகத்தில் கிடைத்த பழைய புத்தகத்தில் படிக்கிறான்! அந்த இடத்துக்காகவே நடுப்பகுதி இழுவையைப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த பாகம் இல்லாத தனி நாவல், கதை இதிலேயே முடிந்துவிடும்; அதனால் முடிவைப் பற்றி ஞாயிறு வரை இங்கே எழுத வேண்டாம். அப்புறம், பாதியில் விட்டவர்களும் அவசியம் வாருங்கள். எந்த இடத்தில் விட்டீர்கள் என்று சொல்லுங்கள்.