தோட்டத்துத் தொட்டிக்குக் கரண்ட் இழுப்பவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரியில் தோட்டத்தில் இறங்கிக் குளிக்கும் வெந்நீர்த் தொட்டி வைக்கும் வீடுகளும் விடுதிகளும் கண்ணில் படுகின்றன, வைக்கட்டும், ஆனால் அதற்குக் கரண்ட் இழுத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காலாப்பட்டு பக்கம் ஒரு வீட்டில் சமையலறை பிளக்கிலிருந்து சாதா ஒயர், குரோட்டன்ஸ் செடிக்கு அடியில் ஈர மண்ணில் ஒரு ஜாயிண்ட், டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. "எம்.சி.பி. இருக்கே அண்ணே" என்கிறார் வீட்டுக்காரர்.

எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச், அது ஒயரைத்தான் காக்கும், ஆளை அல்ல. ஓர் உயிரை எடுக்க 100 மில்லிஆம்பியர் போதும், அதற்கெல்லாம் 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது. கரண்ட் கசிவதைக் கண்டுபிடிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச்தான் நொடிக்குள் துண்டிக்கும். அப்புறம், 3 கிலோவாட் ஹீட்டர் மட்டுமே 13 ஆம்பியர் இழுக்கும், அதனால் மெயின் போர்டிலிருந்து தனி லைன், மண்ணுக்குள் இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள், சரியான எர்த் எல்லாம் வேண்டும். நம்ம ஊர் உப்புக் காற்று டெர்மினலை அரித்துவிடும், ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

விடுதிகளுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரிகள் இந்த ஒயரிங்கையும் நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஓர் எலக்ட்ரீஷியன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி