பொய் வழக்கா? முதல் பத்து நாளில் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொய் வழக்கில் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்து, கடைசியில் விடுதலையானவர்களைப் பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. அப்படிப்பட்ட வழக்குகளின் போக்கு பெரும்பாலும் முதல் பத்து நாளிலேயே முடிவாகிவிடுகிறது. "நான்தான் ஒன்னும் பண்ணலையே, எதுக்கு வக்கீல்?" என்று சும்மா இருந்துவிடுகிறவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த நாட்களில் செய்ய வேண்டியவற்றை உங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வருவது போன் அழைப்புதான். "ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்பார்கள். அழைப்பவரின் பெயர், பதவி, புகார் என்ன, அதற்கு இருப்பது சி.எஸ்.ஆர். எண்ணா எஃப்.ஐ.ஆர். எண்ணா என்று கேட்டு, அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். என்றால் மனு விசாரணை மட்டுமே. வழக்கு இன்னும் பதிவாகவில்லை. எஃப்.ஐ.ஆர். போடப்பட்டு, கைது தேவையில்லை என்று போலீஸ் கருதினால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ். - புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) பிரிவின் கீழ் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. முறையான நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் கட்டாயம் போக வேண்டும். போகாவிட்டால் அதையே காரணம் காட்டிக் கைது செய்ய சட்டம் இடம் தருகிறது. உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றை இணைத்து, வேறு தேதி கேட்டு, ஒப்புகையுடன் தபாலில் பதில் அனுப்பிவிடுங்கள். சாட்சியாக விசாரிக்க மட்டும் அழைத்தால், பெண்களும் 60 வயதைக் கடந்தவர்களும் வீட்டிலேயே விசாரிக்கச் சொல்லலாம்.

உள்ளே போனதும் வரும் பெரிய ஆபத்து கையெழுத்து. "இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்று வெள்ளைத்தாளையோ, யாரோ எழுதிவைத்த வாக்குமூலத்தையோ நீட்டினால் போடாதீர்கள். விசாரணையில் போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்துக்குக் கையெழுத்து வாங்கக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 181-வது பிரிவு சொல்கிறது. பிரச்னை முடிந்தால் போதும் என்று "பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன்" என மனு விசாரணையில் எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த ஒரு வரி பிறகு மோசடி வழக்கில் அவர்களுக்கு எதிராகவே நிற்கும். புகார் கொடுத்தவருக்குப் போன் செய்து நியாயம் கேட்பதும் வேண்டாம். சாட்சியை மிரட்டியதாக இன்னொரு பிரிவு சேர அதுவே போதும்.

எஃப்.ஐ.ஆர். பதிவானால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், எண், ஆண்டு கொடுத்து நகல் எடுக்கலாம். பாலியல் வழக்கு போன்றவை அங்கே ஏறாது. அவற்றுக்கு நீதிமன்றத்தில் நகல் மனு போட வேண்டும். நகல் கிடைத்ததும் பலர் தங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நேரம், நிலையத்துக்குத் தகவல் வந்த நேரம், மாஜிஸ்திரேட் கையில் எஃப்.ஐ.ஆர். கிடைத்ததாக அவர் குறித்திருக்கும் நேரம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் கோர்ட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போய்ச்சேர ஒன்றரை நாள் ஆகியிருந்தால், அந்த இடைவெளியில் பெயர்கள் சேர்க்கப்பட்டதா என்ற கேள்வியைக் குறுக்கு விசாரணையில் எழுப்ப முடியும்.

அடுத்தது ஆதாரம். இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கடைகளிலும் வீடுகளிலும் உள்ள கேமராப் பதிவுகள் பெரும்பாலும் இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் தானாக அழிந்து, மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். சம்பவ நேரத்தில் நீங்கள் வேறு ஊரில் இருந்தீர்கள் என்றால் டோல்கேட் கட்டணப் பதிவு, பஸ் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு, மருத்துவமனைப் பதிவு என அனைத்தையும் அன்றே திரட்டுங்கள். கேமரா உரிமையாளருக்கு நாள், நேரம் குறிப்பிட்டு "இந்தப் பதிவை அழிக்காமல் வைக்கவும்" என்று ஒப்புகையுடன் கடிதம் அனுப்புங்கள். பென் டிரைவில் வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது. பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4)-ன் கீழான சான்றிதழும் கூடவே வேண்டும். அது இல்லாவிட்டால் பதிவு சாட்சியத்தில் சேராமல் போகலாம். உங்கள் போனில் உள்ள எதையும் அழிக்காதீர்கள். சங்கடமான செய்தியாக இருந்தாலும் சரி. அழித்தால் குற்றத்தை மறைத்ததாகத்தான் வாதிடுவார்கள்.

காவல் நிலையக் கேமராவுக்கும் இதே அவசரம் உண்டு. அந்தப் பதிவை 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதற்கு ஆறு மாதம் முன்பு சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, நிலையத்தின் பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரே கண்டறிந்தார். எனவே நிலையத்தில் தவறு நடந்திருந்தால், பதிவைப் பாதுகாக்கும்படி மறுநாளே மாவட்ட எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மனு கொடுங்கள்.

கைது வரும் என்று தெரிந்தால் செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்கலாம். உத்தரவு வாங்கியதோடு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. உத்தரவு நகல் தயாரானதிலிருந்து 15 நாளுக்குள் சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் முன் இரண்டு ஜாமீன்தாரர்களுடன் ஆஜராக வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுகளில் வழக்கமான நிபந்தனை. ஜாமீன்தாரரின் ஆதார் அல்லது பாஸ்புக், புகைப்படம், இடது பெருவிரல் ரேகை எல்லாம் கேட்பார்கள். கெடு தாண்டினால் முன்ஜாமீன் தானாகவே போய்விடும்.

கைதாகிவிட்டால், எழுத்து மூலமான கைதுக் குறிப்பு, வீட்டாருக்கு உடனே தகவல், விசாரணையின்போது வக்கீலைச் சந்திப்பது, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது ஆகியவை உங்கள் உரிமை. கைதுக் குறிப்பில் போட்டிருக்கும் நேரம் உண்மையில் பிடித்த நேரம்தானா என்று பாருங்கள். முதல் நாள் காலையில் பிடித்து மறுநாள் மாலை கைதானதாக எழுதினால், அதை ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட்டிடம் வாய்திறந்து சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் கேட்கும்போது போலீஸ்காரர் பக்கத்தில் நின்றாலும் ஒவ்வொரு காயத்தையும் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். "விழுந்துட்டேன்" என்று அங்கே ஒரு சொல் சொல்லிவிட்டால், பிறகு எந்தக் கோர்ட்டிலும் அதை மாற்றுவது பெரும்பாடு. வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

திருட்டு, கஞ்சா வழக்குகளில் முடிச்சு இருப்பது கைப்பற்றுதல் மகஜரில், அதாவது பொருளை எடுத்ததாகச் சாட்சிகளுடன் போலீஸ் எழுதும் குறிப்பில். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. ஆனால் "பொருளை இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன்" என்று சொல்லி அங்கிருந்து பொருள் எடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். பொய் வழக்கு ஜோடிப்பவர்கள் நுழையும் வழி இதுதான். வி.ஏ.ஓ.வும் உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவர்கள் அந்த நேரத்தில் உண்மையில் எங்கே இருந்தார்கள் என்று வக்கீலிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவின்படி சோதனையும் கைப்பற்றுதலும் வீடியோவில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த வீடியோவை மறக்காமல் கேளுங்கள்.

சிறையில் இருப்பவருக்கு 60 நாளிலும், பெரிய குற்றமானால் 90 நாளிலும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை பிறக்கிறது. குற்றப்பத்திரிகை வந்துசேர்வதற்கு முன் மனு போட்டாக வேண்டும்; தாமதித்தால் உரிமை போய்விடும். ஆவணங்கள் கைக்கு வந்ததிலிருந்து 60 நாளுக்குள், சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனு போடலாம். செஷன்ஸ் வழக்கில் அந்த 60 நாள், வழக்கு அங்கே ஒப்படைக்கப்பட்ட தேதியிலிருந்து தொடங்கும்.

சின்ன வழக்குதானே, ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடு என்று யார் சொன்னாலும், முக்கியமாக இளைஞர்கள், கேட்காதீர்கள். அது தண்டனைப் பதிவாகவே நிற்கும். போலீஸ் வேலைக்கான விதிகளில் "சந்தேகத்தின் பலன்" கொடுத்து வந்த விடுதலையே தடையாகக் கருதப்படுகிறது. தானாக ஒத்துக்கொண்டவரின் நிலை இன்னும் மோசம்.

பொய்ப் புகார் கொடுத்தவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 217, 248 பிரிவுகளில் நடவடிக்கை உண்டு. அவசரப்பட்டு எதிர்ப் புகார் கொடுக்காமல், வழக்கு முடிந்து தீர்ப்பு நகல் கையில் வந்த பின் கேட்பதே பலிக்கும். ஆனால் காரணமில்லாமல் கைது செய்ய வைத்தவரிடமிருந்து மாஜிஸ்திரேட் வாங்கித் தரக்கூடிய இழப்பீடு பி.என்.எஸ்.எஸ். 399-வது பிரிவின்படி அதிகபட்சம் 1,000 ரூபாய். புதிய சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோதும் இந்தத் தொகையை யாரும் தொடவில்லை. ஒரு நாள் கூலியை இழந்தவருக்கே அது ஈடாகாது. இதை உயர்த்தும்படி நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு குற்றவியல் வழக்கறிஞர்,
திண்டுக்கல்.