ஒரு இரவை அணித் தலைவனிடம் விடுங்கள்

முகாம் நடத்தும் சாரண ஆசிரியர்களுக்கு வணக்கம்.

முகாம் என்றதும் நீங்கள் முதலில் போடுவது நிகழ்ச்சி நிரல்தான். விடிந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை கால் மணி நேரம்கூடக் காலி கிடையாது. சமைக்க ஆள், கூடாரம் அடிக்க ஆள், இரவுக் காவலுக்கும் ஆள். பையன்கள் வரிசையாக உட்கார்ந்து உரை கேட்கிறார்கள். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். ஒரு உரைகூட நினைவில் இல்லை. சமையல்காரர் வராத ஒரு நாள், ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

1907 ஆகஸ்டில், இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ தீவுக்கு, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சுமார் 20 பையன்களை முகாமுக்குக் கூட்டிப்போனார். சிலர் ஈட்டன், ஹாரோ மாதிரி பணக்காரப் பள்ளிப் பிள்ளைகள். மற்றவர்கள் பூல், போர்ன்மத் ஊர்களின் சாதாரண வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கட்டணம் 1 பவுண்டு, இவர்களுக்கு மூன்றரை ஷில்லிங் (அன்று 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). தீவில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடவில்லை. எல்லோரையும் கலந்து ஓநாய், காளை, கர்லூ என்ற நீர்ப்பறவை, அண்டங்காக்கை என்று 4 அணியாக்கினார். யார் எந்த அணி என்பதைத் தோளில் தொங்கிய கம்பளி நூலின் நிறம் சொல்லும். காலையில் எழுப்பியது, ஆப்பிரிக்கப் போரிலிருந்து அவர் கொண்டுவந்த குடு மான் கொம்பின் ஊதல்.

எனக்குப் பிடித்தது இரவுதான். முறை வைத்து ஒவ்வோர் அணியும் மாவு, இறைச்சி, உருளைக்கிழங்கு, கம்பளி, சமையல் பாத்திரம், தீப்பெட்டி சகிதம் தனியே கிளம்பும். தாங்களே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, 11 மணி வரை காவல் நின்று, அங்கேயே படுத்துக்கொள்ளும். பொறுப்பு முழுக்க அணித் தலைவனுடையது. அவனும் பையன்தான்!

அந்தத் தீவும் லேசாகத் தப்பவில்லை. 1927இல் அதை வாங்கிய அம்மையார் வெளியாட்களை அண்டவிடவில்லை. 1934இல் பெருந்தீயில் காடு எரிந்தது. அவர் மறைந்தபின், பழைய இடங்களையும் இயற்கையையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்து, 1963இல் மக்களுக்குத் திறந்தது. இன்றும் சாரணர்கள் அங்கே கூடாரம் அடிக்கிறார்கள். இடத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்த இரவைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

அடுத்த முகாமில் ஒரே ஒரு இரவு போதும். சாமான்களை அணித் தலைவன் கையில் கொடுத்துவிடுங்கள். அடி பிடிக்கட்டும், பரவாயில்லை. உங்கள் கூடாரம் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். கூப்பிட்டால் மட்டும் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சாரணன்