அந்தக் கூட்டத்தில் நீ பேச வேண்டும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மாப்பிள்ளையையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல். போனில் பேச ஆரம்பித்தால் நீ நடுவில் டியூட்டிக்குக் கிளம்பிவிடுகிறாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. மேற்பயிற்சியில் இருக்கிற ரெசிடென்ட் டாக்டர்கள் தேறி வருகிறார்களா என்று பார்க்கிற கமிட்டியில் உன்னைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் வருஷத்துப் பையன் ஒருவனை மூத்தவர்கள் எல்லாரும் சுமார் என்கிறார்கள். நீ பார்த்தவரைக்கும் அவன் நல்ல டாக்டர். "இத்தனை பேர் சொல்லும்போது நான்தான் தப்பாப் பார்த்துட்டேனோம்மா" என்று கேட்டாய். பேரைச் சொல்லாமல் சொன்னாயே, அது சரி. ஆனால் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிடாதே.

நீ இங்கே எம்.பி.பி.எஸ். படிக்கும்போது எழுதிய பிராக்டிகல் பரீட்சையை நினைத்துப் பார். ஒரு நோயாளியை விரிவாகப் பார்த்துச் சொல்லும் லாங் கேஸ், சுருக்கமாகச் சொல்லும் ஷார்ட் கேஸ், வாய்மொழியாகக் கேட்கும் வைவா. வெளியூர் எக்ஸாமினர் உன்னை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பார். பயத்தில் காலைச் சாப்பாட்டைத் தொடாமல் ஓடுவாய். அந்த ஒருநாள் தீர்ப்பைவிட, மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தவர்கள் பேசி முடிவெடுப்பது நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. நீ இருக்கிற அமெரிக்காவில் 2013-இலிருந்து இந்தக் கமிட்டி முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள், கமிட்டியில் குறைந்தது 3 ஆசிரியர்கள் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும், கமிட்டி சொல்வதைக் கேட்டுவிட்டுக் கடைசி முடிவைப் பயிற்சியை நடத்துகிற டைரக்டர் எடுப்பார் என்று நீதான் விளக்கினாய். நல்ல ஏற்பாடு. ஆனால் பெரியவர் சொன்னதையே மற்றவர்களும் திருப்பிச் சொன்னால், எத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் அது ஒரே ஆளுடைய தீர்ப்புதானே? அதை அந்தப் பையன் எப்படி நம்புவான்?

நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த நாளில் வருஷா வருஷம் புது ஹவுஸ் சர்ஜன்கள் வருவார்கள். யாரை நம்பி வார்டை விடலாம் என்பது நைட் டியூட்டி நர்ஸுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும். ரவுண்ட்ஸில் டக் டக்கென்று பதில் சொல்கிறாரா என்பதை நாங்கள் பெரிதாக எடுக்க மாட்டோம். ராத்திரி கூப்பிட்டால் எழுந்து வருகிறாரா, இல்லை போனிலேயே மருந்தைச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறாரா? நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறாரா? தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு மேலே இருப்பவரைக் கூப்பிடுகிறாரா? கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். தெரியாமலே துணிகிறவரைக் கண்டால்தான் எங்களுக்குப் பயம். அப்படி வந்த ஒரு பையன், யூனிட் சீஃப் முன்னால் நின்றாலே அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மந்தம் என்று அவர் சொன்னார், யூனிட் முழுக்க அதையே சொன்னது. மூச்சுத் திணறலோடு வந்த கர்ப்பிணி ஒருத்தியின் பக்கத்தில் விடிய விடிய நின்று, பெரிய டாக்டரை எழுப்பித் திட்டு வாங்கி, அவரை வார்டுக்கு வரவழைத்தவனும் அவன்தான். அதை நாங்கள் பார்த்தோம். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

எந்த வேலையை யாரிடம், எவ்வளவு மேற்பார்வையோடு ஒப்படைக்கலாம் என்பதை வைத்தே டாக்டர்களை அளக்கலாம் என்று நெதர்லாந்தில் டென் காட்டே என்ற பேராசிரியர் 2005-இல் எழுதினாராமே, நீ சொன்னாய். வார்டில் நாங்கள் பார்த்ததும் அதைத்தான். உங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளிடமும் கருத்து எழுதி வாங்குகிறார்கள் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தத் தாள்களை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுப் போ.

மானூர் அம்பலவாணர் கோயிலுக்கு உன்னைச் சின்ன வயசில் கூட்டிப்போயிருக்கிறோம், திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற ரோட்டில். கி.பி. 800 வாக்கில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், ஊர்ச்சபை நடத்துகிற விதிகளை அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சபையில் எதைக் கொண்டுவந்தாலும் 'இல்லை, இல்லை' என்றே தடுப்பவருக்கும், அவருக்குத் துணை போகிறவருக்கும் 5 காசு தண்டம். அப்பா அதை உனக்கு வாசித்துக் காட்டுவார். அந்தக் காலத்துக்கு அந்த விதி தேவைப்பட்டிருக்கும். உங்கள் அறையில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டுவதுதான் கெடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது.

எம்மா, அவனுக்காக வாதாடச் சொல்லவில்லை. "நல்ல பையன்" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. என்றைக்கு, எந்த நோயாளியிடம், அவன் என்ன செய்தான் என்று நீ கண்டதைச் சொல். மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதற்கு முன்பே அதை எழுதி வைத்துக்கொள். கூட்டம் கூடினால் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தையே சுற்றிச் சுற்றிப் பேசுவார்கள், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வராமலே போகும் என்று 1985-இலேயே ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரண்டு பேர் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள் என்று நீ அனுப்பிய குறிப்பில் படித்தேன். புதிதாக வந்தவர்கள் முதலில் பேசட்டும், தலைவர் கடைசியில் பேசட்டும் என்று அவரிடமே தனியாகக் கேட்டுப் பார். நல்ல மனுஷர் என்றாயே, கேட்டால் ஒத்துக்கொள்வார்.

அவர்கள் கண்டது உனக்குத் தெரியாமலும் இருக்கலாம். ரிப்போர்ட்டைப் பார்க்காமல் விட்டான், சொன்னதைச் செய்யவில்லை என்று நாள் தேதியோடு சொன்னால் காது கொடுத்துக் கேள். அப்புறம் உன் மனசு மாறினால் மாறட்டும். இரக்கப்பட்டு மட்டும் அவன் தேறிவிட்டான் என்று சொல்லிவிடாதே. நாளைக்கு ஒரு குடும்பம் தன் ஆளை அவன் கையில் ஒப்படைக்கும், நீங்கள் போட்ட கையெழுத்தை நம்பித்தான்.

முடிவு எதுவானாலும், இன்ன காரணம், இன்னதைத் திருத்திக்கொள் என்று அவனை உட்காரவைத்துச் சொல்லச் சொல். ஒரு தாளில் நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.

கூட்டம் முடிந்ததும் கூப்பிடு. உனக்குச் சாயங்காலம் என்றால் இங்கே விடியற்காலம், நான் எழுந்துதான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா