மான் விரட்டுற ஹெலிகாப்டருக்கு பாதுகாப்பு விதி கேட்டு மனு

பெறுநர்:
வனவிலங்கு பிரிவு உயர் அதிகாரி அவர்கள்,
மத்திய சுற்றுச்சூழல், வனம், பருவநிலை மாற்ற அமைச்சகம், புதுடெல்லி.

ஐயா வணக்கம்,

நான் சூலூர்காரன், ஹெலிகாப்டர் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவன். 2025 அக்டோபர்ல மத்தியப் பிரதேசம் ஷாஜாபூர் பக்கம் பயிர மேய்ஞ்சிட்டிருந்த வெளிமான், நீலகாய்ங்கிற பெரிய மான் எல்லாத்தையும் ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டர் வச்சு விரட்டி, புனல் மாதிரி துணி கட்டின போமாங்கிற அடைப்புக்குள்ள தள்ளி, மொத்தம் 913 பிடிச்சு காட்டுல கொண்டு போய் விட்டாங்க. விவசாயிக்கும் நல்லது, மானுக்கும் நல்லது, நான் அதை எதிர்க்கவே இல்ல.

என் கவலை மேல பறக்குறவங்கள பத்தி. அந்த மெஷினுக்கு ஒரே எஞ்சின். நல்ல உயரத்துல எஞ்சின் நின்னா பைலட் சட்டுனு இடது கை லீவர இறக்கி, கீழருந்து வர்ற காத்துலயே மேல இருக்குற ரோட்டர் விசிறிய சுத்தவிட்டு ஒரு வயக்காடு பார்த்து இறக்கிடலாம், ஆனா மான் பின்னாடி மரத்து உயரத்துல மெதுவா வளைஞ்சு வளைஞ்சு போறப்ப நின்னா அதுக்கு உயரமும் இல்ல வேகமும் இல்ல. கண்ணு வேற மான் மேலயே இருக்கும், எதிர்வெயில்ல கரன்ட் கம்பி தெரியவே தெரியாது.

இன்னொரு பயம், உள்ள இருந்து வெளிய விழுற சாமான். நான் வேலையில இருந்தப்ப பறக்குறதுக்கு முன்னாடி சீட்டுக்கடியில கைய விட்டு தடவி ஒரு பேனா கிடந்தாக்கூட எடுத்துருவேன். 2010ல அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல மீன் கணக்கெடுக்க போன ஹெலிகாப்டர்ல இருந்து, நம்ம பசங்க பரீட்சைக்கு கொண்டு போற மாதிரி ஒரு அட்டை வெளிய விழுந்து வால் ரோட்டர்ல அடிச்சு உள்ள இருந்த மூணு பேரும் செத்துப் போயிட்டாங்க ஐயா. 2020 ஆகஸ்ட்ல டெக்சாஸ்ல மலையாடு கணக்கெடுக்குறப்பவும் மூணு வனவிலங்கு பணியாளர் செத்தாங்க. அந்த நாட்டுல 1937லருந்து 2000 வரைக்கும் வேலையில இறந்த 91 வனவிலங்கு பணியாளர்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் போனது விமான, ஹெலிகாப்டர் விபத்துலதான்.

அதனால அடுத்த தடவை பர்மிஷன் குடுக்குறதுக்கு முன்னாடி அந்த ஏரியா மின்கம்பி எல்லாத்தையும் நடந்து பார்த்து மேப்ல குறிச்சு பைலட் கையில குடுக்கணும், முடிஞ்சா அந்த லைன அன்னைக்கு ஆஃப் பண்ணணும். வேலைக்கு தேவையில்லாத ஒரு ஆள் கூட, போட்டோ எடுக்கவோ விஐபின்னோ, ஏறக்கூடாது. எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பைலட் இன்னைக்கு வேணாம்னு சொன்னா கீழ இருக்குற எந்த அதிகாரியும் வற்புறுத்தக்கூடாதுன்னு எழுத்துலயே உத்தரவு போடணும்னு தாழ்மையோட கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹெலிகாப்டர் மெக்கானிக்,
சூலூர்.